குழாயிலும் உன் நெஞ்சிலும் கட்டிய கூடு

இன்று காலை எங்கள் தெருவில் பழைய தண்ணீர்க் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். புதிய திட்டத்தில் நீலக் குழாய் பதிக்கிறார்கள். ஜேசிபி மண்ணோடு சேர்த்து அள்ளிய இரும்புக் குழாய் நடுவில் ஒடிந்து எங்கள் வாசலுக்கு எதிரே விழுந்தது. துருவும் ஈர மண்ணும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்தது போல ஒரு வாடை தெரு முழுக்கப் பரவியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் குனிந்து, ஒடிந்த வாய்க்குள் விரலை விட்டு வழித்துப் பார்த்தேன். மெல்லிய பழுப்புப் படலம். எளிதில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. குழி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா மேடம், அத்தப் போயி தொட்டுக்கினு" என்று முகம் சுளித்தார்.

அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய். நீ இருந்திருந்தால் அந்தத் துண்டை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் சென்னை வரை எடுத்துப் போயிருப்பாய். விரலைக் கழுவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கழுவினேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது.

காஞ்சிபுரத்துக் கல்லூரியில் நுண்ணுயிரியல் வகுப்பின் முதல் வாரத்தில்தான் உன்னைப் பார்த்தேன். நீ பெருநகர் என்கிற கிராமம், சொந்த நிலத்தில் நெல் போடுகிற வீடு. நான் சாலவாக்கம் பக்கத்து ஊரொன்றின் காலனி. என் அம்மாவும் நைனாவும் உங்களைப் போன்றவர்களின் வயல்களில் நாற்று நட்டவர்கள். இதை நாம் இருவரும் முதல் நாளே தெரிந்துகொண்டோம், யாரும் சொல்லாமலே. ஆனால் உன்னை எனக்கு நெருக்கமாக்கியது ஒரு சத்தம். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் சின்னக் கைக்கடிகாரம் ஓடுவது போல டிக் டிக் என்று கேட்கும். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போனதும், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்ததும் பிறகுதான் தெரிந்தது. முதல் மாதிரித் தேர்வில், அமைதியாக இருந்த ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவர் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, யாருடைய வாட்ச் அது, கழற்றி வையுங்கள் என்றார். நீ எழுந்து நின்று, "சார், இத கழட்ட முடியாது" என்றாய். அன்றைக்கு ஹாலே சிரித்தது. விஷயம் தெரிந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். நீ அதற்கும் சிரித்தாய்.

படிகளில் ஏறும்போது நடுவில் நிற்பாய். நானும் நிற்பேன். நமக்குள் முக்கியமான பேச்செல்லாம் மாடிப்படியின் நடுவில்தான் நடந்தது.

இரண்டாம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு முன், மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவைத் தட்டுகளில் போட்டு வைத்திருந்தோம். சத்து நிறைய உள்ள தட்டு ஒன்று. சத்தைக் குறைத்து, அடித்தளத்தைக் கெட்டியாக்கிய தட்டு ஒன்று. இரண்டாவதை நீதான் உன் விருப்பத்துக்குக் கலந்து ஊற்றினாய். பாடத்தில் அது இல்லை. விடுமுறை முடிந்து வந்து இன்குபேட்டரைத் திறந்தபோது, முதல் தட்டில் இருந்தது வட்டமாக, அப்பளம் போல, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று. இரண்டாவதை நீ எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். நடுப்புள்ளியிலிருந்து கிளை விட்டு, கிளையில் கிளை விட்டு, ஒவ்வொரு நுனியும் பக்கத்து நுனியைத் தொடாமல் விலகி, ஒரு முழு மரம் தட்டின் விளிம்பு வரை பரந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் இலை உதிர்ந்த மரம்.

வேறு கிருமி ஏதோ கலந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நீ இரண்டையும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டினாய். இரண்டும் ஒன்று. அதே குச்சி வடிவம், அதே குடும்பம்.

"நீட்டுன எடத்துக்குதான் சோறு கெடைக்குது" என்றாய். "உள்ள கீறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் வெளிய வெளிய போயிக்கினே கீது. யாரும் வரையலடி. பசி வரைஞ்சிகீது."

ஜன்னல் பக்கம் திரும்பி அந்தத் தட்டைப் பிடித்தபடி நின்றாய். உன் வால்வின் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. ஒருத்தி வியந்து நிற்பதை அவள் நெஞ்சிலிருந்தே காதால் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படிப்பு முடிந்ததும் நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். நீ சென்னைக்குப் போய் ஆராய்ச்சியில் இறங்கினாய். பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதை விட்டு, ஒரு பரப்பில் ஒட்டி, தாங்களே சுரக்கும் கோந்துக்குள் கூட்டமாக வாழும் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பயோஃபிலிம். தமிழ்ப் பாடநூல் உயிர்ப்படலம் என்றது. நீ கூடு என்றாய். படலம் என்றால் தட்டையாகத் தோன்றுகிறது, அது தட்டை இல்லை என்பாய். எந்த உணவு, எவ்வளவு வேகமான ஓட்டம், எந்தப் பரப்பு என்பதைப் பொறுத்து அந்தக் கூடு எப்படி உருவெடுக்கிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அதையே பேசுவாய். நான் துணி துவைத்துக்கொண்டே கேட்பேன்.

அந்த வருடம் மழை விட்டதும் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடமும் வந்தது. இந்த முறை என் அண்ணன் மகளுக்குக் கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பாத நிலைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் பிழைத்தாள். ஊரின் மற்ற தெருக்களில் யாருக்கும் ஒன்றுமில்லை. தொட்டித் தண்ணீரைச் சோதித்தார்கள். சுத்தம் என்று வந்தது. ஒரு நாள் சிலர் வந்து எங்கள் தெருப் பெண்களை உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று காட்டினார்கள். குடத்தை ஒழுங்காகக் கழுவினால் இதெல்லாம் வராது என்று தண்ணீர் திறந்துவிடுபவர் சொன்னார். அம்மா அன்று மாலை எங்கள் வீட்டுக் குடங்களையெல்லாம் வாசலில் கவிழ்த்து, புளியும் மண்ணும் போட்டு, கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். அவை ஏற்கெனவே பளபளவென்று இருந்தன. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கூப்பிட்டபோதுகூட எழவில்லை.

இதை அந்த ஞாயிறு போனில் உன்னிடம் சொன்னேன். நீ அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டாய். ஒல்லியாக வரும், பெரிய தெருவில் பீய்ச்சி அடிக்கும், எங்கள் குழாய்தான் கடைசி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, மண்ணுக்குள் மூடிவிட்டிருக்கிறது என்றேன். "அப்ப மிச்ச நேரமெல்லாம் தண்ணி அதுக்குள்ளயே நின்னுக்கினு இருக்குமா?" என்றாய். ஆமாம் என்றேன். வருகிறேன் என்று வைத்துவிட்டாய்.

சென்னையிலிருந்து உன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து உத்திரமேரூர் வந்து, டவுன் பஸ் பிடித்து, இறங்கி வெயிலில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாய். உன் வீட்டார் யாரும் எந்தக் காலனிக்குள்ளும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை. அம்மா தடுமாறினாள். கடையில் பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வரச் சொல்லிவிட்டாள். நீ தண்ணீர்தான் வேண்டும் என்றாய். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, இரண்டு சொம்புகளில் மாற்றி மாற்றி ஆற்றி, உன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். நீ எழுந்து போய் எடுத்துக் குடித்துவிட்டு, சொம்பை அவள் கையில் கொடுத்தாய். அவ்வளவுதான். அம்மா அதைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போதும் உன் பேச்சு வந்தால் முதலில் அந்தச் சொம்பைத்தான் சொல்கிறாள்.

கண்ணாடிச் சில்லுகள் செருகிய இரண்டு சின்னக் குழல்களை நீ கொண்டுவந்திருந்தாய். ஒன்றைப் பெரிய தெருவில் ஒரு டீச்சர் வீட்டுக் குழாயில் பொருத்தினோம். இன்னொன்றை எங்கள் தெருவின் கடைசிக் குழாயில். இரண்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். சில வாரங்கள் விட்டுவைத்து, நீயே வந்து கழற்றி, ஈரம் காயாமல் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாய். பார்க்க வா என்று கூப்பிட்டாய். நான் விடுப்புப் போட்டுச் சென்னை வந்தேன்.

அந்த அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. உன் நுண்ணோக்கி, பொருளை அடுக்கடுக்காக ஒளியால் வெட்டிப் பார்த்து, முழு உருவத்தையும் திரையில் நிமிர்த்திக் காட்டுவது. முதலில் பெரிய தெருக் கண்ணாடி. பச்சை ஒளியில் ஒரு மெல்லிய, இறுக்கமான பாய். எல்லாம் ஒரே திசையில் சீவிவிட்ட தலைமுடி போலப் படிந்திருந்தது. அடுத்து எங்கள் கண்ணாடியை வைத்தாய்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? கோபுரங்கள். அடி சிறுத்து, தலை பெருத்து, காளான் காளானாக எழும்பிய கோபுரங்கள். அவற்றுக்கு நடுவே இருட்டான சந்துகள். அந்தச் சந்துகளின் வழியேதான் தண்ணீர் உள்ளே போய் உணவைக் கொடுத்து, கழிவை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது என்றாய். திரையைச் சுழற்றினாய், கோபுரங்களின் அடியில் வளைவுகளும் பொந்துகளும் தெரிந்தன. கண்ணால் பார்க்க முடியாத உயிர்கள், கண்ணில்லாத உயிர்கள், ஒன்றுக்கு மற்றொன்று என்ன செய்கிறது என்று தெரியாமலே, கால்வாய் விட்டு ஊர் கட்டியிருந்தன. எங்கள் குழாய்க்குள். நாங்கள் தினமும் குடத்தை வைக்கும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில்.

எவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி பார்த்தேனோ தெரியாது. திடீரென்று அண்ணன் மகளின் உள்ளே போன கண்கள் நினைவுக்கு வந்தன. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. குழந்தையைக் கொல்லப் பார்த்ததை இப்படி உட்கார்ந்து ரசிக்கிறேனே என்றேன்.

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "ரெண்டும் இருக்கட்டும்டி. நோவு குடுக்குதுன்னு கோவம் வரட்டும். அதுக்காக அது செஞ்சது சின்னதா ஆயிடாது."

பிறகு விளக்கினாய். ஓட்டம் வேகமாக இருந்தால், பிய்ந்து போகாமலிருக்க இறுக்கிப் பிடித்துத் தட்டையாகக் கிடக்கும்; பிய்வதும் குறைவு. தண்ணீர் நின்றால் அதற்கு அவசரமே இல்லை. தளர்வாக மேலே மேலே கட்டும். சாக்கடை ஓரம் குழாயில் எங்கோ இருக்கும் விரிசல் வழியாக மழைக்காலத்தில் உள்ளே வரும் நோய்க்கிருமி அந்தக் கோபுரங்களுக்குள் குடியேறிக்கொள்ளும். தொட்டியில் போடும் குளோரின் கடைசி வரை வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். மிச்சமும் கோந்தைத் தாண்டி உள்ளே போகாது. காலையில் வால்வைத் திறந்ததும் தண்ணீர் ஒரே மூச்சில் பாயும்போது கோபுரங்களின் தலை உடைந்து கட்டி கட்டியாகக் குடத்தில் விழும். தொட்டியில் எடுத்துச் சோதித்தால் சுத்தம் என்றுதானே வரும்.

நான் சொன்னேன், எங்களையும் அப்படித்தானே ஊர்க் கடைசியில், ஓட்டமே வராத இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று. அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. நீ ஒப்புக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ முதல்முறையாக என் பக்கம் திரும்பினாய்.

"அத கிருமி மேல ஏத்தாத. ஒங்கள அங்க வச்சது மனுசன். கிருமி யாரையும் எங்கியும் வைக்கல."

அந்த வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இயற்கையைக் காட்டி மனிதன் செய்ததை மன்னித்துவிட நான் தயாராக இருந்திருக்கிறேன். நீ தயாராக இல்லை. கிருமியைக் கிருமியாகவே பார்த்து வியக்கத் தெரிந்ததால்தான், மனிதன் செய்ததை மனிதன் செய்தது என்று உன்னால் சொல்ல முடிந்தது என்று பின்னால் எனக்குப் புரிந்தது.

கிராம சபைக் கூட்டம் பள்ளிக்கூட மரத்தடியில் நடந்தது. நீ லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். வெயிலில் திரை தெரியவில்லை என்று அம்மா தன் புடவைத் தலைப்பை விரித்து நிழல் பிடித்தாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். குளோரின் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், மற்ற தெருக்களில் யாருக்கும் எதுவும் வரவில்லையே என்றார்.

"ஆமாங்க. மத்த தெருவுல தண்ணி நிக்கிறதில்ல" என்றாய். "கொடத்துல ஒண்ணுமில்ல. இவங்க கொடம் நம்ம வூட்டுக் கொடத்தவிட சுத்தம். கோளாறு குழாயோட வால் முனைல கீது."

நம்ம வூடு என்று நீ சொன்னது எந்த வீடு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதையே நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதும் நம் இருவருக்கும் தெரியும். திரும்பும்போது நீ அதைத்தான் சொன்னாய், வெட்கத்தோடு. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கூட்டத்திலேயே கேட்டாய்: செத்துக் கிடக்கும் குழாய் முனையை நீட்டிப் பெரிய தெருக் குழாயோடு இணைத்துவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஒரு வால்வு வைத்து அவ்வப்போது திறந்துவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும், விரிசலை அடைக்க வேண்டும். உடனே நடக்கவில்லை. இழுத்தடித்தார்கள். என் அண்ணனும் தெரு ஆட்களும் எத்தனையோ முறை போய் நின்றார்கள். கோடையில் ஒருவழியாகப் பள்ளம் வெட்டினார்கள்.

அடுத்த மழை வந்தது, போனது. எங்கள் பிள்ளைகள் சேற்றில் ஆடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தூங்கினார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமலிருப்பதைப் போல ஒரு மகிழ்ச்சி உண்டா என்று அம்மா கேட்டாள்.

நீ மட்டும் மறுபடி கண்ணாடிக் குழலோடு வந்தாய். நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன். பார்க்க வேண்டாமா என்றாய். நான் சென்னை வந்து பார்த்தேன். எங்கள் தெருக் கண்ணாடியில் கோபுரம் ஒன்றுகூட இல்லை. மெல்லிய, இறுக்கமான பாய், ஓட்டத்தின் பக்கம் சீவிவிட்டது போல. பெரிய தெருவோடு மாற்றி வைத்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அதே தண்ணீர், அதே கிருமி. ஓட்டத்தை மட்டும் மாற்றினோம், அது தன் ஊரையே வேறு மாதிரி கட்டிக்கொண்டது. நீ நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "இவ்ளோதான் கேட்டுது பாத்தியா" என்றாய். யாரையோ புரிந்துகொண்ட குரலில்.

பிறகு நல்ல வருடங்கள் சில வந்தன. நீ டாக்டர் பட்டம் வாங்கினாய். உன் அம்மா, நீ ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் விளக்கிச் சலித்துப்போனாள்.

காய்ச்சல் வந்தபோது நீயே முதலில் கண்டுபிடித்தாய். விட்டு விட்டு வருகிறது, சாயங்காலம் குளிர்கிறது, நகத்துக்கு அடியில் சிவப்புக் கோடுகள் தெரிகின்றன என்று போனில் சொன்னாய். உன் குரலில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. இரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று பரிசோதனை சொன்னது. எக்கோ ஸ்கேனில் வால்வின் மேல் ஏதோ ஆடுவது தெரிந்தது. உலோகத்தின் மேல் கூடு கட்டிவிட்டது. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் அடங்கி அடங்கித் திரும்ப வந்தது. மருந்து ஏன் உள்ளே போகவில்லை என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் வால்வை எடுத்துவிட்டு வேறு வைப்பது என்று முடிவானது.

அறுவைக்கு முந்தைய நாள் சாயங்காலம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. எடுக்கப்போகும் வால்விலிருந்து ஒரு துணுக்கை உன் ஆய்வகத்துக்கு அனுப்ப மருத்துவரிடமும் உன் பேராசிரியரிடமும் பேசி ஒப்புதல் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். அதை நான் பார்க்க வேண்டும் என்றாய். என்னால் முடியாது என்றேன்.

"முடியும். குழாய்ல பாத்தல்ல. அதேதான்" என்றாய். சற்றுக் கழித்து, "காளான் இருக்காது பாரு. ரத்தம் போற வேகத்துல அது நிக்காது. இறுக்கமா, வால் வச்சிக்கினு இருக்கும். எல்லா வாலும் ஒரே பக்கம்" என்றாய்.

காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அந்த நிலையில் உன் கண்கள் அன்று கல்லூரி ஜன்னலில் தட்டைப் பிடித்தபோது இருந்ததைப் போலவே இருந்தன. உன்னைத் தின்றுகொண்டிருந்ததைப் பற்றி நீ அப்படிப் பேசினாய். நான் சரி என்றேன்.

அறுவை முடிந்து நீ கண் விழித்தாய். உன் பேராசிரியர் இருட்டறையில் திரையை இயக்கிக்கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றார். நான் பார்த்தேன். நீ சொன்னது போலவே இருந்தது. கோபுரம் இல்லை. இறுகிய அடிப்பரப்பு, அதிலிருந்து நீண்ட, மெல்லிய வால்கள், உன் இரத்தம் பாய்ந்த திசையை நோக்கி, ஒன்றுகூட விலகாமல். உன் இதயத்தின் ஒவ்வொரு அடியையும் அது தாங்கிக்கொண்டு, அந்த அடிக்கு ஏற்றபடி தன்னை இழுத்து நீட்டிக் கட்டியிருந்தது. உன் இதயம் எப்படி அடித்தது என்பது அதில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். பார்க்காமலிருக்க முடியவில்லை.

உன்னைப் பார்க்க அனுமதித்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். புதிய வால்வு மாட்டின் திசுவிலிருந்து செய்தது, சத்தமில்லை. அந்த அறையின் அமைதி எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. பார்த்ததையெல்லாம் உன் காதருகே சொன்னேன். வால்கள், அவற்றின் நீளம், எந்தப் பக்கம் மெலிந்திருந்தது, எங்கே இரண்டு வால்கள் பின்னிக்கொண்டிருந்தன. நீ கண்ணை மூடிக் கேட்டாய். நடுவில் ஒரு முறை புருவம் உயர்ந்தது. முடித்ததும் மெல்லக் கேட்டாய்: "அழகா இருந்துச்சாடி?"

"இருந்துச்சு" என்றேன்.

உன்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அது உனக்குத் தெரிந்தது என்று நம்புகிறேன். உன் விரல்கள் என் மணிக்கட்டை ஒரு முறை அழுத்தின. அடுத்த சில நாட்களில் உன் சிறுநீரகங்கள் நின்றுபோயின. அந்த வாரம் முடிவதற்குள் உன்னைப் பெருநகருக்குக் கொண்டுபோனோம்.

என் வேலை உனக்குத் தெரியும். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த குழாய்களும் கம்பிகளும் தினம் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் கிருமி இருக்கிறதா, எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து எழுத வேண்டும். இப்போது நான் முதலில் அதைச் சும்மா பார்க்கிறேன். எங்கே வளர்ந்தது, என்ன கிடைத்தது, எந்த ஓட்டத்தில் நின்றது என்று யோசிக்கிறேன். அதற்கப்புறம்தான் அதைக் கொல்லும் வழியைத் தேடுகிறேன். இரண்டையும் ஒரே கையால் செய்கிறேன். உன்னிடமிருந்து வந்த கை அது.

உன் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு நான் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா களத்தில் நெல்லைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அந்தக் கிருமியை நான் பார்த்தேனாமே என்று கேட்டாள். நீதான் சொல்லியிருக்கிறாய். ஆமாம்மா என்றேன். படம் இருக்கிறதா என்றாள். என் போனில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைக் காட்டலாமா என்று தயங்கினேன். அவள் கையை நீட்டிவிட்டாள்.

வெயில் படாமல் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பச்சையாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

"காத்துல சாஞ்ச நெல்லு மாதிரி கீது" என்றாள்.

போனை இன்னும் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இதத்தான் இத்தினி வருசமா பாத்துக்கினு இருந்தாளா?"

"ஆமாம்மா."

உன் அம்மாவின் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் அவள் முகத்தில் வேறு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை நான் இதற்கு முன்னும் ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். போனை என்னிடம் திருப்பிக் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இன்னும் பெருசாக்கிக் காட்டும்மா" என்றாள்.

திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துக் காட்டினேன். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து பார்த்தோம்.